மடுவில் எறிந்த மாமன்கல்

பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் நண்டை வெளியே எடுக்க எத்தனை விரல் வேண்டும், சொல்லுங்கள் பார்க்கலாம்?

பத்து விரல் என்பீர்கள். சரிதான். நீர்நாய்க்கும் முன்னங்கைகளில் பத்து விரல் உண்டு. ஆனால் பத்து விரலையும் வைத்துக்கொண்டு ஒரு நண்டைக்கூட எடுக்க முடியாமல் நின்றான் ஒரு நீர்நாய்ப் பிள்ளை. அவன் கதைதான் இது.

மலையடிவாரத்தில் ஓர் ஆறு. அந்த ஆற்றில் ஒரு மடு. ஆழமான பள்ளம், யானை இறங்கினாலும் முதுகு தெரியாது. மடுவின் கரையில், நீர்மருது மர வேர்களுக்கு அடியில் வளை தோண்டி, ஒரு நீர்நாய்க் கூட்டம் குடியிருந்தது.

அந்தக் கூட்டத்தில் விராலி என்று ஒரு தாய். அவள் புருஷனை முந்தின வருஷத்து வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு மகன். கூட்டத்தில் எல்லோருக்கும் மீன் பெயர்தான். விராலியின் அண்ணன் கெண்டையன். அண்ணன் பெண்டாட்டி அயிரை. அவர்கள் மகள் உளுவை. விராலி மட்டும் தன் மகனுக்குப் பட்டு என்று பெயர் வைத்தாள்.

"என் பிள்ளை பேர்ல மீன் வாடை அடிக்கக் கூடாது!" என்றாள்.

விடிந்ததும் அவனை நக்கி நக்கித் துடைப்பாள். ஒரு முடி கலைந்திருக்காது.

நீர்நாய்க் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை கண் திறந்த அன்று, தாய்மாமன் ஆற்றில் முங்கி, அடியிலிருந்து ஒரு கல் எடுத்து வந்து பிள்ளையின் கையில் வைக்க வேண்டும். அதுதான் மாமன்கல். ஒரு பிள்ளைக்கு ஒரு கல்தான். இரண்டாவது கிடையாது.

பட்டுவுக்காகக் கெண்டையன் காலையிலிருந்து உச்சிப்பொழுதுவரை முங்கினான். மீசையெல்லாம் சேறு வழிய ஏறி வந்தான். நெல்லிக்காய் அளவில் வெள்ளைக் கல். நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு.

"புடி மருமகனே!" என்று பட்டுவின் கையில் வைத்தான்.

பட்டுவால் பிடிக்க முடியவில்லை. கல் உருண்டு அவன் தொப்பைமேல் ஓடியது. அவன் கெக்கெக்கே என்று சிரித்தான். கூட்டமே சிரித்தது. அன்றைக்கு விராலியும் சிரித்தாள்.

அப்புறம் என்ன! பிள்ளைகளுக்கு நாள் முழுக்க அதே ஆட்டம்தான். மல்லாந்து படுப்பார்கள். கல்லை வயிற்றில் உருட்டுவார்கள். வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுவார்கள். மேலே எறிந்து பிடிப்பார்கள். அக்குளில் ஒளித்துவைத்து, "என் கல்லு எங்கே, சொல்லு!" என்பார்கள். சில சமயம் கல் மூக்கில் விழும். ஓவென்று அழுவார்கள். அழுதுகொண்டே மறுபடியும் எறிவார்கள். கல் சலித்தால் சேற்றுச் சரிவில் ஏறி வழுக்குவார்கள். சர்ர்ர்... தொப்!

இந்தச் சத்தம் ஒருவருக்கு மட்டும் ஆகவில்லை.

மடுவின் மறுகரையில் ஒரு நெட்டைக்கால் நாரை குடித்தனம் நடத்தியது. அது அசையாமல் நின்றால்தான் மீன் காலடிக்கு வரும். பிள்ளைகள் 'தொப்' என்று விழுந்தால், வந்த மீன் ஓடிவிடும். சத்தம் போட்டு விரட்டலாம் என்றால், கெண்டையனின் பல் நினைவுக்கு வந்தது. நாரை யோசித்தது. யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று பார்த்தது. விராலியைப் பிடித்தது.

"ஏம்மா விராலி, உன் மகன் முகத்துல என்ன ஒரு களை! ஆனா பாவம்."

"பாவமா? என் பிள்ளைக்கு என்ன?"

"கல்லைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறானே! கல்லைத் தின்ன முடியுமா?"

"முடியாதுதான்."

"பின்னே அது எதுக்கு? என் பிள்ளைகளைப் பாரு. நில்லுன்னா நிக்கும். கண்ணு மட்டும்தான் அசையும். சாப்பாடு தானா காலடிக்கு வரும்! வேணும்னா உன் மகனுக்கும் நானே பாடம் சொல்லித் தர்றேன்."

விராலி எட்டிப் பார்த்தாள். நாரைக் குஞ்சுகள் ஒற்றைக் காலில், முளை அடித்தாற்போல் நின்றன. ஒரு பொட்டுச் சேறு இல்லை. திரும்பித் தன் மகனைப் பார்த்தாள். மூக்குவரை சேறு. முழங்காலில் சிராய்ப்பு. கல்லை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தான்.

நாரை குரலைத் தாழ்த்தியது.

"வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா யாரு பாப்பா? உங்க அண்ணனுக்காவது ரெண்டு, மூணு இருக்கு. நீ ஒத்தப் பிள்ளைய வெச்சிருக்கே!"

அந்தச் சொல் விராலிக்கு எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. வெள்ளம் கொண்டுபோன புருஷன் நினைவுக்கு வந்தான். விறுவிறுவென்று போனாள். மகன் வாயிலிருந்த கல்லைப் பிடுங்கினாள். நடு மடுவைப் பார்த்து வீசினாள்.

களுக்!

பட்டு வட்டம் வட்டமாக விரிந்த தண்ணீரையே பார்த்தான். "அம்மா, என் கல்லு!"

"கல்லு எதுக்குடா? அதையா திங்கப்போற? வா இங்க. இந்தப் பாறைமேல நில்லு. அசையக் கூடாது!"

சேதி கேட்டுக் கெண்டையன் ஓடிவந்தான்.

"ஏ விராலி! மாமன்கல்லையா எறிஞ்சே? எங்கிட்டக் கோபமா?"

"கோபம் எதுக்குண்ணே? என் பிள்ளைய ஒழுங்கா வளக்கப் போறேன். நாரையார் பாடம் சொல்லித் தர்றேன்னுட்டார்."

"நாரையா? அதுக்குக் கையே கிடையாதே!"

"கையில என்ன இருக்கு? எல்லாம் புத்தியில இருக்கு!"

பக்கத்தில் நின்ற அயிரை சொன்னாள்: "விளையாட விடு விராலி. விரலுக்கு வேலை இல்லைன்னா விரலு கட்டையாப் போயிரும்."

"உங்க பிள்ளைக மாதிரி சேத்துல புரளணுமா மதினி? என் பிள்ளை உசந்த பிள்ளை!"

"அப்படியா! உசந்த பிள்ளைக்கு நண்டு மரத்துல காய்க்குமாக்கும்!"

விராலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று முதல் பட்டுவுக்குப் பாடம். காலையில் பாறைமேல் நிற்க வேண்டும். மத்தியானம் பாறைமேல் நிற்க வேண்டும். சாயங்காலம் நின்றபடியே ஒப்பிக்க வேண்டும்.

"நண்டுக்கு எத்தனை கால்?" என்று கேட்கும் நாரை.

"நடக்குற கால் எட்டு! கொடுக்கு ரெண்டு!"

"நண்டு எங்கே இருக்கும்?"

"பாறை இடுக்கில் இருக்கும்!"

"எப்படிப் பிடிக்க வேண்டும்?"

"பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும்!"

"பலே! பலே!" என்று நாரை இறக்கையைத் தட்டும். விராலிக்கு மேலெல்லாம் பூரிக்கும். தண்ணீர் குடிக்க வந்த மான்கூட, "இது யாரு பிள்ளை, இவ்வளவு அமைதியா?" என்று கேட்டுவிட்டுப் போனது. அன்று முழுவதும் விராலி அதையே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சாப்பாட்டு வேளையில் அவளே நண்டு பிடித்து வருவாள். ஓட்டை உடைப்பாள். சதையை எடுப்பாள். பட்டு ஆசையாகக் கையை நீட்டுவான்.

"கையை நீட்டாதே, அழுக்காயிரும்! ஆ காட்டு!"

பட்டு ஆ காட்டுவான்.

உளுவை சும்மா இருக்க மாட்டாள். பாறைக்குக் கீழே வந்து நின்று கூப்பிடுவாள்.

"அத்தான், வாயேன்! ஒரே ஒரு ஆட்டம்! என் கல்லு தர்றேன்!"

பட்டுவின் விரல்கள் துடிக்கும். அம்மா முகத்தைப் பார்ப்பான். விராலி ஒரு முறை முறைப்பாள். விரல்கள் அடங்கிவிடும்.

முதல் மாதம் பட்டு அழுதான். இரண்டாவது மாதம் அழுகையை நிறுத்தினான். மூன்றாவது மாதம் உளுவை கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விராலி அதைத்தான் சமத்து என்று நினைத்தாள்.

பட்டுவைக் காட்டி மற்ற தாய்மாரையும் நாரை அசைத்தது. நாலைந்து பேர் தங்கள் பிள்ளைகளைச் சரிவுப் பக்கம் போகாதபடி அதட்டி வைத்தார்கள். மடு அமைதியாகிவிட்டது. மீன்கள் பயமில்லாமல் மறுகரைக்குப் போயின. நாரை ஒவ்வொன்றாகக் கொத்தியது. அதன் வயிறு பெருத்தது. குஞ்சுகளின் வயிறும் பெருத்தது.

ஒரு வருஷம் ஓடியது. பட்டு அம்மா உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். பளபளவென்று இருந்தான். இன்னும் ஆ காட்டினான்.

அந்த வருஷம் மழை பொய்த்தது.

மாசியில் ஆறு நூலாக இளைத்தது. பங்குனியில் நூலும் அறுந்தது. மடு மட்டும் மிஞ்சியது. அதுவும் நாளுக்கு ஒரு முழமாக உள்வாங்கியது. மீன் எல்லாம் தீர்ந்துபோனது. கடைசி மீனையும் விழுங்கிவிட்டு நாரை இறக்கையை உதறியது.

விராலி ஓடினாள். "நாரையாரே! எங்க கிளம்பிட்டீங்க? எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்க!"

"வழியா? ரெக்கையை விரி, பற. தெக்க ஏரி இருக்கு."

"எங்களுக்கு ஏது ரெக்கை?"

"அட, ஆமாம்!" என்றது நாரை. "நான் என் பிள்ளைகளை வளர்க்கிற விதத்தை உனக்குச் சொன்னேன். உன் பிள்ளை என்ன பிள்ளைன்னு நீயல்லவா பாத்திருக்கணும்!"

பறந்துவிட்டது. குஞ்சுகளும் பின்னால் பறந்தன. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி நண்டுதான் சாப்பாடு. நண்டும் வெயிலுக்குப் பயந்து ஆழமான இடுக்குகளுக்குள் போய்விட்டது. ஒரு நண்டு எடுக்கவே பாடாய்ப் பட வேண்டும். விராலி தனக்கொன்று, மகனுக்கொன்று என்று இரண்டு எடுக்க வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் ஒரு பாறையைப் புரட்டினாள். பாறை சறுக்கி அவள் வலக்கைமேல் உட்கார்ந்தது. கெண்டையனும் அயிரையும் சேர்ந்து பாறையை நகர்த்தினார்கள். கை நசுங்கிப் போயிருந்தது.

மறுநாள் காலையில் கெண்டையன் கூட்டத்தைக் கூட்டினான்.

"இந்த மடு இன்னும் பத்து நாள் தாங்காது. மலைமேல இருக்குற மேல்மடு வத்தாது. அஞ்சு நாள் நடை. வழியெல்லாம் வெறும் பாறை. அவங்கவங்க நண்டை அவங்கவங்க எடுத்துத் தின்னுக்கிட்டே ஏறணும். நாளைக்குக் கிளம்புறோம்."

விராலி நசுங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, நாங்க?"

கெண்டையன் தங்கையின் நசுங்கிய கையைப் பார்த்தான்.

"நீ வா. உனக்கு நான் எடுத்துத் தர்றேன். நான் கால்வயிறு தின்னுக்கிறேன். ஆனா ரெண்டு பேருக்கு என்னால ஆகாது விராலி. என் பிள்ளைக செத்துப்போகும். பட்டு அவன் வயித்தை அவன்தான் பாத்துக்கணும்."

"அவன் பாத்துப்பான்! அவனுக்கு எல்லாம் தெரியும்!"

"அப்ப இன்னைக்கு ஒரே ஒரு நண்டு எடுக்கச் சொல்லு. ஒண்ணு எடுத்துட்டான்னா வழியில பழகிக்குவான். பொழுது சாயுறவரை இருக்கு."

பட்டுவைப் பாறை இடுக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உள்ளே ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. கண்கள் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தன.

"எடு ராசா," என்றாள் விராலி.

பட்டு நேராக நின்றான். கால்களைச் சேர்த்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"நண்டு பாறை இடுக்கில் இருக்கும்! நடக்குற கால் எட்டு! கொடுக்கு ரெண்டு! பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும்!"

நண்டு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொன்னது போதும்டா, எடு!"

பட்டு கையை உள்ளே விட்டான். அவனுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று விரலில் தெரியவில்லை. கண்ணால் பார்க்கலாம் என்றால், கை போன இடத்தில் கண் போகாது. ஐந்து விரலும் ஒரே கட்டையாக மோதின. நண்டு ஆற அமர ஒரு விரலைத் தேர்ந்தெடுத்துக் கடித்தது.

"அம்மா!"

"மறுபடியும் எடு ராசா. இன்னொரு தடவை!"

மறுபடியும் விட்டான். மறுபடியும் கடி. ஐந்தாவது தடவைக்கு மேல் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

உளுவை தன் கல்லை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அத்தான், இதைப் பாரு. இப்படி உருட்டணும். இப்படி மாத்தணும். அதே மாதிரிதான் உள்ளேயும். கண்ணை மூடிக்கிட்டா இன்னும் நல்லா வரும்!"

கல்லை அவன் கையில் வைத்தாள். கல் கீழே விழுந்தது. எடுத்து வைத்தாள். விழுந்தது. உளுவைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அத்தான், கல்லு சுடுதா?"

அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினாள். தன் கையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். குச்சிபோல் இருந்தன.

"அத்தை," என்றாள் மெதுவாக, "இது ஒரு நாள்ல வராது அத்தை. எங்களுக்கே ஒரு வருஷம் ஆச்சு."

பொழுது சாய்ந்தது. நண்டு இடுக்கிலேயே இருந்தது.

விராலி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் மண்ணைப் பார்த்தான். அயிரை ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அவள் குத்திக் காட்டியிருந்தால்கூட விராலிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீயாவது வா விராலி," என்றான் கெண்டையன்.

"பிள்ளைய விட்டுட்டா?"

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கூட்டம் கிளம்பியது. முன்னால் கெண்டையன். பின்னால் பிள்ளைகள். பாறைக்குப் பாறை தாவி, இடுக்குக்கு இடுக்கு கைவிட்டு, போகிற போக்கிலேயே நண்டு எடுத்துத் தின்றுகொண்டே ஏறினார்கள். நாரையின் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளை அதட்டி வைத்த தாய்மாரும் போனார்கள். அவர்கள் பிள்ளைகள் அம்மா பார்க்காத நேரத்தில் திருட்டுத்தனமாக விளையாடியிருந்தார்கள், அதனால் தப்பித்தார்கள். பட்டு அம்மா சொல் தட்டாத பிள்ளை.

உளுவை மட்டும் திரும்பி ஓடிவந்தாள். ஒரு நண்டைப் பட்டுவின் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். பட்டு நண்டைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். ஆ காட்டினான்.

விராலி ஒற்றைக் கையால் அந்த ஓட்டை உடைக்க அரை நாள் பிடித்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தவளை கிடைத்தால் தவளை, நத்தை கிடைத்தால் நத்தை. பல நாள் ஒன்றும் இல்லை. பட்டுவின் பளபளப்பு போனது. விலா எலும்பு தெரிந்தது. மடு குட்டையானது. குட்டை சேறானது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது.

ஒரு மத்தியானம், வெடிப்புக்குள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று விராலி ஒற்றைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். நடு மடுவில், ஒரு பாளத்துக்கு அடியில், கையில் ஏதோ வழவழவென்று பட்டது. நத்தை என்று ஆசையாக எடுத்தாள்.

நத்தை இல்லை. வெள்ளைக் கல். நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு.

விராலி அதைத் தன் வயிற்று முடியில் துடைத்தாள். துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கவ்விக்கொண்டு ஓடினாள். பாறைமேல் நின்றிருந்த மகன் கையில் வைத்தாள்.

"இந்தா ராசா! உன் கல்லு! உன் மாமன் எடுத்த கல்லு!"

வளர்ந்துவிட்ட கைக்கு அது சின்னதாக இருந்தது. ஆனாலும் இந்தத் தடவை கல் கீழே விழவில்லை. ஏனென்றால் பட்டு கையை அசைக்கவே இல்லை. உள்ளங்கையை விரித்து, கல்லை நடுவில் வைத்து, கால்களைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, முளை அடித்தாற்போல் நின்றான்.

"சரியா நிக்கிறேனா அம்மா?" என்று கேட்டான். அம்மா மெச்சுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தான்.

பிள்ளைக்கு விளையாட்டுதான் கை, கால், கண், புத்தி எல்லாவற்றையும் பழக்கும் முதல் வேலை. அதை உரிய வயதில் பிடுங்கி எறிந்தவர்கள் பிறகு எத்தனை கெஞ்சினாலும் அது திரும்பி வராது.

விராலி அவன் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினாள்:

"நிக்காதே சாமி... விளையாடு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தடவை, கீழே விழுந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டு விளையாடுடா!"